உறைத் தண்ணீரும் ஒண்டிக் கொட்டலசும்

வலது கையில் கோணி ஊசி. இடது கைவிரல்களுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு உடைத்தெடுத்த டைல்ஸ் துண்டு. ஊசியின் முனையைத் தட்டி, அரத்தில் ராவி, சின்ன உளிபோல் ஆக்கியிருந்தது. அந்த முனை கடுகளவு வெள்ளைப் பொட்டு ஒன்றின் அடியில் நுழைந்து ஒரு நெம்பு நெம்பியது. பொட்டு தெறித்து விழுந்தது. அடுத்து அதன் பக்கத்துப் பொட்டு. அதற்கும் அடுத்தது. துண்டு முழுக்க இறைந்து கிடந்த பொட்டுகளில் நடுவில் இருந்த ஒன்றே ஒன்றை மட்டும் ஊசி சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் விட்டது. அதன் ஓட்டு விளிம்பில் ஊசி பட்டுவிட்டால் துண்டையே எறிந்துவிட வேண்டியதுதான். விரல் நடுங்கினால் கை தானாக நின்றது. நடுக்கம் அடங்கியதும் தானாகத் தொடர்ந்தது. முடிந்ததும் துண்டைக் கடல் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இறக்கிவிட்டு, அடுத்த துண்டை எடுத்தது.

அந்தக் கைகள் திருவேங்கடத்துடையவை. படாளத்தில் பிறந்தவர். ஐம்பத்தைந்து வயதில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீரிலேயே நின்று கழித்தவர். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த இறால் ஹேச்சரியில் குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தார். ஹேச்சரி மூடிய பிறகு அதன் கொட்டகை ஒன்றைப் பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று ஆராய்ச்சிக்காக வாடகைக்கு எடுத்தது. கொட்டகையோடு, தொட்டிகளோடு, குழாய்களோடு சேர்த்து அவரும் வாடகைக்குப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வெள்ளைப் பொட்டுகள் கொட்டலசுக் குஞ்சுகள். கொட்டலசைத் தெரியாதவர்கள் அந்தக் கரையில் இல்லை. படகின் அடியில், பாறையில், பாலத்தின் காலில், எங்கே தண்ணீர் நனைக்கிறதோ அங்கே ஒட்டிக்கொண்டு, காலை வைத்தால் கிழித்துவிடும் சுண்ணாம்புக் கூடு. செத்த பொருள் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஓர் உயிர் இருக்கிறது. தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தால், கூட்டின் வாய் திறந்து, இறகு மாதிரிக் கால்கள் வெளியே வந்து வலை வீசுவதுபோல் வீசி இரையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது தெரியும். ஒட்டிய இடம் ஒட்டிய இடம்தான். சாகிறவரை நகராது.

துண்டுகளைக் கடலில் தொங்கவிட்டு, பொட்டு ஒட்டியதும் எடுத்துவந்து கொடுப்பது கோவளத்து முபஷ்ஷிரின் வேலை. சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர். அன்றும் ஒரு கூடை துண்டுகளை இறக்கி வைத்துவிட்டு, தொட்டிக்கட்டையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, காலைலேர்ந்து ஒரே கொலையா கீது? ஒண்ண வுட்டுட்டு மத்ததெல்லாம் காலி பண்ணிகினு கீற."

"வேலையே அதான் பாய். பக்கத்து வூட்டுக்காரன் இருக்கக் கூடாதாம்."

"அப்டியே எங்க தெருவாண்ட வந்து ரெண்டு வூட்ட நெம்பி வுடேன். புண்ணியமாப் போவும்."

திருவேங்கடம் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்றில்லை, சிரித்தால் ஊசி ஆடும்.

இந்த வேலையைக் கொடுத்தவள் ஜெயப்பிரியா. செங்கல்பட்டுப் பெண், முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். தினமும் பஸ் மாறி வருவாள். மேசையில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தவள், முபஷ்ஷிர் கேட்டதால் தலையைத் தூக்கினாள்.

"எதுக்கும்மா இத இப்டி ஒண்டியா வெக்கிறது? ஆம்பளையா, பொம்பளையா இது?"

"ரெண்டும் பாய். ஒவ்வொண்ணும் ஆணும் அதுதான், பெண்ணும் அதுதான்."

"அப்ப பொண்ணு பாக்கிற வேலையே இல்ல. புரோக்கருங்க பொழப்பு இன்னா ஆவறது?"

"அங்கதான் விஷயமே. ரெண்டும் தன்கிட்டயே இருந்தாலும், பக்கத்துல இன்னொண்ணு இருந்தா அதுகூடத்தான் சேரும். நகர முடியாதுல்ல, அதனால உறுப்ப நீட்டித் துழாவிப் பாக்கும். எட்டற தூரத்துல யாராவது இருந்தா போதும்."

"யாருமே இல்லாங்காட்டி?"

"அதான் தெரியல. தனக்குத்தானே கருத்தரிச்சுக்குதா, இல்ல சும்மாவே கெடந்து செத்துப்போகுதா? நம்ம கரையில இருக்குற இந்த வகை என்ன பண்ணுதுன்னு நான் காட்டணும். அதுக்குத்தான் அண்ணா ஒரு சாடிக்கு ஒண்ணுன்னு பிரிச்சுகினு இருக்காரு."

அவள் இதை இலேசாகச் சொன்னாளே தவிர, அது இலேசான காரியமாக இல்லை. முதல் வருடம் தொங்கவிட்ட துண்டுகளைக் கடல் கொண்டுபோயிற்று. மறு வருடம் கரண்ட் போய், ஏரேட்டர் நின்று, அத்தனையும் செத்தன. கல்லூரி கொடுத்திருந்த நீட்டிப்பு இந்த வருடத்தோடு சரி. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கழிமுகத்து நல்ல தண்ணீர் கலந்து கரையோரத்து உப்பைக் குறைத்துவிடும். பிறகு கொட்டலசு ஒழுங்காக ஒட்டாது, ஒட்டினதும் நிற்காது. மழைக்கு முன்னால் நிஜமான ஒண்டிகள் கையில் இருந்தால் அவளுக்குப் பட்டம். இல்லையென்றால் இத்தனை வருடமும் தண்ணீரில் போட்டதுதான்.

திருவேங்கடத்துக்கும் இதுவே கடைசி வேலை. விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். முட்டி நீட்டினால் மடங்காது, மடக்கினால் நீளாது. ஏரேட்டர் சத்தம் நின்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காரும் உடம்பாக அவர் உடம்பு ஆகிப்போயிருந்தது. முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டோடு வந்துவிடுவதாக மனைவி அம்சாவிடம் சொல்லியிருந்தார்.

சாடிகளில் இருந்தவை அவர் பார்வையில் நன்றாகவே வளர்ந்தன. ஒவ்வொரு தடவை தண்ணீர் மாற்றும்போதும் அவர் கை ஒன்றைச் செய்தது. அதை வேலை என்றுகூட அவர் கணக்கில் வைக்கவில்லை. பெரிய தொட்டியில் கும்பலாக ஒரு கூட்டம் கொட்டலசு வளர்ந்துகொண்டிருந்தது, ஒப்புப் பார்ப்பதற்காக. அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மக் தண்ணீர் மொண்டு, சாடிக்கு ஒரு வாய் என்று எல்லாவற்றிலும் விட்டுக்கொண்டு போவார். ஹேச்சரிக்காரர்கள் அதை உறை என்பார்கள். வடிகட்டின புதுத் தண்ணீர் சுத்தமாக இருக்குமே தவிர, பச்சையாக இருக்கும், உயிருக்கு ஒத்துக்கொள்ளாது. உயிர் வாழ்ந்து பழகிய தண்ணீரில் கொஞ்சம் கலந்தால், பாலில் மோர் விட்டதுபோல, புதுசும் பதத்துக்கு வரும். நெல்லூரிலிருந்து வந்த பழைய மேஸ்திரி ஒருவர் செய்வதைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட வழக்கம். லட்சக்கணக்கான இறால் குஞ்சுகளை அந்த ஒரு வாய்த் தண்ணீர் காப்பாற்றியிருக்கிறது.

பருவம் வந்ததும் ஜெயப்பிரியா ஒண்டிகளில் கொஞ்சத்தைத் திறந்தாள். திறந்தால் அது செத்துப்போகும்; வேறு வழியில்லை. கூட்டைப் பிளந்து நுண்ணோக்கியில் வைத்தாள். உள்ளே மஞ்சள் நிறத்தில், இரண்டு மடலாக, முட்டைத் திரள். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும்.

"அண்ணா! தானாவே! தானாவே வெச்சிருக்குது அண்ணா!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள். ரோட்டுக் கடையில் இருந்த போண்டா அத்தனையும் அன்றைக்குக் கொட்டகைக்கு வந்தது. முபஷ்ஷிர் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, "ஒண்டிக்கட்டைக்குப் புள்ளை பொறந்ததுக்கு இன்னா விருந்து!" என்றார்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கோபாலகிருஷ்ணன் மட்டும் போனில் சந்தோஷப்படவில்லை. "எல்லாத்துலயுமா? ஒண்ணு ரெண்டுன்னா நம்புவேன். எல்லாம்னா எனக்கு பயமா இருக்கும்மா. தண்ணி எங்க போய் எங்க வருதுன்னு கிட்ட உக்காந்து பாரு."

அடுத்த தடவை தண்ணீர் மாற்றும் நாளில் அவள் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒருத்தி உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பதில் திருவேங்கடத்துக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பழசை வடித்தார். புதுசை ஊற்றினார். மக்கை எடுத்துக்கொண்டு பெரிய தொட்டிக்குப் போனார்.

"அண்ணா, இன்னா அது?"

"உறைம்மா."

"உறைன்னா?"

சொன்னார். மோர், பால் எல்லாம் சொல்லி விளக்கினார்.

"அது கும்பல் தொட்டித் தண்ணியா?"

"ஆமா. பழகுன தண்ணி வேற எங்க கீது?"

"மொத நாள்லேர்ந்தா?"

"மொத நாள்லேர்ந்து."

அவள் எழுந்து நின்றாள். "நான் இன்னா சொன்னேன்? தனியா இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"தனியாத்தான்மா கீது. சாடிக்கு ஒண்ணு. எண்ணிப் பாத்துக்கோ."

"தண்ணி தனியா இல்லையே அண்ணா! நீட்டித்தான் சேரணும்னு இல்ல. வேற நாட்டுக் கடல்ல ஒரு வகையில பாத்திருக்காங்க. விந்து தண்ணியில கசியுது, எட்டாத தூரத்துல இருக்குறது அத எடுத்துக்குது. கும்பல்லேர்ந்து கசிஞ்சது உங்க மக்குல வந்திருந்தா? இது தானா கருத்தரிச்சுதா, நீங்க கொண்டாந்து ஊத்துனீங்களா? யாருக்குத் தெரியும்?"

வாசலில் நின்றிருந்த முபஷ்ஷிர், "அடப்பாவி, கடைசில நீதான் புரோக்கரா அண்ணாத்த!" என்றார். ஒருவரும் சிரிக்காததைப் பார்த்து, படகைப் பார்க்கப் போவதுபோல் நழுவினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. எதக் கேக்கறது?"

"நானும் இத ஒரு விசயம்னே நெனைக்கல. எதச் சொல்றது?"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அவர் மக்கிலிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினார். அது வாய்க்காலுக்குப் போகாமல் அங்கேயே தேங்கி நின்றது.

அந்த வாரம் அவர் படாளம் போனபோது அம்சா அவர் கால்களைப் பார்த்துவிட்டு, "ஊறப்போட்ட அப்பளமாட்டம் கீது. போதும். கெட்டுப்போச்சுன்னா கெட்டதாவே இருக்கட்டும், வந்துடு" என்றாள். அவள் சொன்னது நியாயம். வேண்டிய அளவு தூங்கினார், சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். தூக்கம் தெளிந்தபோதெல்லாம் அந்த மக் கண் முன்னால் வந்து நின்றது. கவனக்குறைவால் கெட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பார். கவனமாக, ஒரு நாள் தவறாமல், ஒரு சாடி விடாமல் செய்ததால் கெட்டது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப கெளம்பிகினா போற?" என்று அவர் சட்டையை மாட்டும்போது அம்சா கேட்டாள்.

"ஊசி அங்கயே கீதுடி" என்றார். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

கொட்டகையில் ஜெயப்பிரியா அவருக்கு முன்பே வந்து, சாடிகளைத் தானே தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். புதிதாக ஒட்டிய துண்டுகள் ஒரு கூடை வந்து இறங்கியிருந்தன.

"சாரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"மொத தடவை செஞ்சதத் தூக்கிப் போடாதன்னாரு. கும்பல் தண்ணி பட்டதுன்னு சொல்லியே எழுதலாமாம். ஆனா அந்தத் தண்ணியே படாத ஒண்டி இன்னொரு பக்கம் இருந்தாத்தான் அதுக்கு அர்த்தம்." சாடியைக் கவிழ்த்தாள். "மழைக்கு முன்னாடி ஆகுமா அண்ணா?"

"ஆவும்னு சொல்ல மாட்டேன். ஊசிய எடு."

மறுபடியும் நெம்பல். மறுபடியும் சாடி. இந்தத் தடவை உறை கிடையாது. புதுத் தண்ணீர், அவ்வளவுதான். அவர் பயந்தபடியே ஆயிற்று. கொட்டலசுகள் வாயை மூடிக்கொண்டன. இறகு வீச்சு தளர்ந்தது. சில திறந்த வாயோடு அசையாமல் கிடந்தன. அவற்றை ஜெயப்பிரியா ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

உறை இல்லாமல் நிற்காது. உறை விட்டால் ஒண்டி இல்லை. தொட்டிக்கட்டையில் உட்கார்ந்து காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீரைப் பழக்குவது கொட்டலசா? இல்லை. ஹேச்சரியில் இறால் விடுவதற்கு முன்பே, வெறும் தொட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டு வைப்பார்கள். கல்லில் வழவழப்பு ஏறும். அந்த வழவழப்புதான் தண்ணீரைப் பதமாக்குகிறது.

"யாரும் குடியில்லாத வூட்டுத் தண்ணிய உறையா ஊத்துனா?" என்று கேட்டார்.

அவளுக்கு உடனே புரிந்தது. "ஆனா கடல் தண்ணியில கொட்டலசுக் குஞ்சு இருக்குமே அண்ணா. அந்தத் தொட்டியிலயே போய் ஒட்டிக்கும்."

அவர் அதை யோசித்திருக்கவில்லை. அவளே வழியும் சொன்னாள். குஞ்சு நுழையாத நைஸ் வலையில் இரண்டு தடவை வடிகட்டுவது, கல்லைக் கொதிக்க வைத்துக் காயப்போடுவது, தண்ணீரை ஊற்றிய பிறகு ஆறப்போட்டு, எதுவும் ஒட்டவில்லை என்று பார்த்தபின் எடுப்பது. சாடிக்குப் போகும் புதுத் தண்ணீரையும், கடலில் கசிந்த விந்து செத்துப்போகும்வரை அப்படியே ஆறப்போடுவது. முபஷ்ஷிர் கரையிலிருந்து கூழாங்கல் மூட்டை தூக்கி வந்தார். சவுக்கு விறகில் கல் கொதித்தது. "கடலோரத்துல கல்லு வேகவெச்சுத் துன்ற அளவுக்கு நெலம வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு, அவரே ஊதுகுழலை வாங்கி ஊதினார்.

ஆளில்லாத தொட்டி பதத்துக்கு வந்தது. அதிலிருந்து ஒரு வாய் விட்டதும், மூடிக்கிடந்தவை ஒவ்வொன்றாக வாய் திறந்தன. அதற்கப்புறம் திருவேங்கடத்தின் வேலை இரட்டிப்பாயிற்று. ஒரு சாடியில் பட்ட எதுவும் இன்னொன்றில் படக்கூடாது. தண்ணீர் பாட்டில்களை அறுத்து, சாடிக்கு ஒரு மக் செய்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கையை நல்ல தண்ணீரில் கழுவினார். கழுவிக் கழுவி விரல் நுனி வெடித்தது. உப்புப் பட்டதும் சுரீர் என்றது. கும்பல் தொட்டியைக் கொட்டகையின் மறுகோடிக்கு நகர்த்தி, அதை முபஷ்ஷிரிடமே விட்டுவிட்டார். அந்தப் பக்கம் போய்வந்த கையோடு முபஷ்ஷிர் இந்தப் பக்கம் வந்தால், "பாய், கிட்ட வராத" என்பார். "இன்னா மடி, இன்னா ஆசாரம்! ஐயரு வூட்டுக் கெணறாட்டம் கீது" என்று முபஷ்ஷிர் கோடியிலேயே நின்றுகொள்வார்.

வானம் கருத்துக்கொண்டு வந்தபோது, லென்ஸ் வைத்து ஒவ்வொரு கூட்டையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு சாடியில் நின்றுவிட்டார். பெரிய கூட்டின் சரிவில், அதன் வரிகளோடு வரியாக, வெள்ளையாக ஒரு புள்ளி. தொட்டுப் பார்த்தார். இன்னொரு கொட்டலசு. துண்டைக் கடலிலிருந்து எடுத்த அன்றே ஒட்டியிருக்க வேண்டும். அவர் ஊசிக்குத் தப்பியிருக்கிறது.

ஜெயப்பிரியா வாங்கிப் பார்த்தாள். "சின்னதுதான் அண்ணா. பருவத்துக்கே வரலை. இதால எதுவும் ஆகியிருக்காது."

"ஆயிருக்காது. ஆனா இது ஒண்டி இல்ல."

செத்தது போக மிஞ்சியதே கொஞ்சம்தான். அவள் சாடியை வெளிச்சத்தில் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தாள். மழைக்காற்று தகரத்தை அடித்தது. "சரி, தனியா வைங்க. எழுதும்போதும் தனியாவே எழுதறேன்" என்றாள். அவர் அதை மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து கையைக் கழுவினார். மிச்சம் இருந்த எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொண்டு பார்த்தார். வேறு எதிலும் இல்லை.

முதல் மழை பெரிதாகப் பெய்து விட்டிருந்த காலையில் ஆட்டோ வந்து நின்றது. கல்லூரியில் நுண்ணோக்கி தயாராக இருந்தது, இந்தத் தடவை திறப்பது அங்கே, பேராசிரியர் கண் முன்னால்தான். உள்ளே மஞ்சள் மடல் இருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்று திருவேங்கடத்துக்குத் தெரியாது. வெளியிலிருந்து தெரிவதற்கு வழியும் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், எது இருந்தாலும் அது அந்த ஒன்றினுடையதுதான் என்பது.

சாடிகளைத் தெர்மாகோல் பெட்டியில் வரிசையாக இறக்கி, ஒன்றோடொன்று இடிக்காமல் நடுவில் ஈரத்துணி செருகினார். மூடிகளைச் சுற்றி ரப்பர் மாட்டினார். ஜெயப்பிரியா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"மடில வெச்சுக்கோ. கீழ வெச்சா ரோட்டுப் பள்ளத்துல தண்ணி கலங்கும்."

"சரிண்ணா."

"மூடியத் தொறந்து பாக்காத வழில."

"சரிண்ணா."

"அடில ஒரு கை குடு. பாரம்."

அவள் அடியில் கை கொடுத்தாள். பெட்டியின் எடை தன் கையிலிருந்து முழுதும் அவள் மடிக்கு இறங்கும்வரை பிடித்திருந்துவிட்டு, வெடித்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்.